பெற்றோல் மானி பிழையாகக் காட்டும் பழைய கார்: உள்ளதைத் திருத்துவதா, வேறு வாங்கிப் பூட்டுவதா?

கொட்டாஞ்சேனையில் பழைய ஒஸ்டின் கார் வைத்திருக்கும் அன்பர் ஒருவரும், தெஹிவளையில் தந்தையாரின் மொரிஸ் மைனரைப் பேணிவரும் ஆசிரியை ஒருவரும் ஒரே மாதத்தில் ஏறத்தாழ ஒரே கேள்வியை எழுதியிருந்தார்கள். பெற்றோல் மானியின் முள்ளை நம்ப முடியவில்லை. தாங்கிக்குள் மிதவையோடு இருந்து பெற்றோலின் மட்டத்தை மானிக்குத் தெரிவிக்கும் டாங்க் யூனிட்டைப் புதிதாக இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதா, பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழையதொன்றைத் தேடுவதா, இருப்பதைக் கழற்றித் துப்புரவு செய்வதா என்பதே கேள்வி. ஒவ்வொரு வழியையும் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்றும் ஒரே நோய்க்கான மருந்துகள் அல்ல. நோய் எதுவென்று அறியாமல் இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்வதில்தான் பெரும்பாலானோருக்குப் பணம் வீணாகிறது. எனக்கும் அப்படித்தான் வீணானது.

என்னுடையது வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி நிற்கும் 1967ஆம் ஆண்டு மைனர். தாங்கி நிறைந்திருக்கும்போதும் முள் அரைவாசியைத் தாண்டாமல் நின்றது. டாங்க் யூனிட் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, புதியதை வரவழைத்துப் பூட்டினேன். முள் சரியான இடத்துக்கு வந்தது. சில மாதங்கள் கழித்து, எறிய மனமின்றி வைத்திருந்த பழைய யூனிட்டை மேசையில் வைத்து, மல்டிமீற்றரின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு மிதவையின் கையை மெதுவாக உயர்த்திப் பார்த்தேன். தடை ஏறத்தாழ 240 ஓமில் தொடங்கி, எங்கும் துள்ளாமல், 20 ஓம் வரை சீராக இறங்கியது. அதில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. புதியதைப் பூட்டும்போது யூனிட்டைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் வயரின் பச்சை பூத்துப் போயிருந்த முனையை வெட்டிப் புதிதாக அமைத்திருந்தோம். முள்ளைத் திருத்தியது அந்த வேலைதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலையை முதலில் கேட்பது இயல்பு. ஆயினும் நான் முதலில் வைக்கும் அளவுகோல் வேறு: மானியின் பொய் எந்தப் பக்கம் சாய்கிறது? இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும் மானி உங்களை அடிக்கடி எரிபொருள் நிலையத்துக்கு அனுப்பும், அவ்வளவே. கூடுதலாகக் காட்டும் மானி கண்டி வீதியில், கடுகண்ணாவை ஏற்றத்தில், பின்னால் பேருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கும் வேளையில் உங்களை நிறுத்திவிடும். ஆகவே எந்தத் திருத்தம் கீழ்க் கால்வாசியை நம்பத்தக்கதாக்குகிறது என்பதையே முதன்மையாகப் பார்க்க வேண்டும். மேல் பாதியில் முள் சற்று விலகி நின்றாலும் கேடில்லை.

அடுத்தது மறைந்திருக்கும் செலவு. கப்பற் கூலி, தீர்வை, தக்கை வொஷர், உடையும் திருகாணிகள், தாங்கியை வெறுமையாக்கும் வேலை, பாகம் வரும்வரை கார் கராஜில் நிற்கும் நாட்கள் என்பன எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது, செய்ததை மீளப்பெற முடியுமா என்பது. அசல் பாகங்களோடு இருக்கும் காரில் இது சிறிய விடயமல்ல. கடைசியாக, கார் எப்படி ஓடுகிறது என்பது. ஞாயிறு காலையில் காலிமுகத்திடல் வரை சென்று திரும்பும் காருக்கும் நாள்தோறும் அலுவலகம் செல்லும் காருக்கும் ஒரே விடை பொருந்தாது.

## தெரிவுக்கு முன் ஒரு பரிசோதனை

பழைய பிரித்தானியக் கார்களில் பெரும்பாலும் இரு வகை மானிகளைக் காணலாம். முதல் வகையில் இரண்டு மின்சுருள்கள் முள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. இரண்டினதும் இழுவை விகிதமே முள்ளின் நிலையைத் தீர்மானிப்பதால், பற்றரியின் வோல்ட் அளவு ஏறி இறங்கினாலும் காட்சி அதிகம் மாறாது. 1960களில் பரவிய இரண்டாவது வகையில், சூடேறும்போது வளையும் ஈருலோகக் கீலம் ஒன்று முள்ளைத் தள்ளுகிறது. இதற்கு நிலையான மின்னழுத்தம் தேவை என்பதால், கருவிப் பலகையின் பின்புறத்தில் ஏறத்தாழ 10 வோல்ட் சராசரியைத் தரும் சிறிய பெட்டி ஒன்று பூட்டப்பட்டிருக்கும். அதை மின்னழுத்த நிலைநிறுத்தி என்று அழைப்போம். உங்கள் காரில் உள்ளது எது என்பதை அறியக் கருவி எதுவும் தேவையில்லை. சாவியைத் திருப்பியவுடன் முள் துள்ளி எழுந்து, ஓடும்போது வளைவுக்கு வளைவு ஆடினால் அது சுருள் மானி. ஊர்ந்து ஊர்ந்து மேலேறி, பிறகு அசையாமல் நின்றால் ஈருலோக மானி.

இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வதே பாதி வேலை. ஏனெனில் ஒரே பழுது இரண்டிலும் எதிரெதிராக வெளிப்படுகிறது.

| பழுது | ஈருலோக மானி காட்டுவது | சுருள் மானி காட்டுவது |
|---|---|---|
| யூனிட்டின் எர்த் கெட்டது, அல்லது வயர் அறுந்தது | குறைவு அல்லது வெறுமை | கூடுதல் அல்லது நிறைவு |
| வயரின் உறை உரிந்து காரின் உடலில் படுவது | நிறைவு | வெறுமை |
| மிதவையில் ஓட்டை | குறைவு | குறைவு |
| நிலைநிறுத்தியின் தொடுகை ஒட்டிக்கொண்டது, அல்லது அதன் எர்த் கெட்டது | கூடுதல் | பொருந்தாது |
| நிலைநிறுத்தி முற்றாகச் செயலிழந்தது | வெறுமை | பொருந்தாது |

அட்டவணையின் முதல் வரியைக் கவனியுங்கள். கடற்காற்று அரித்த ஒரு சிறு எர்த் முனை, சுருள் மானியுள்ள காரில் வெறுந்தாங்கியை நிறைந்ததாகக் காட்டிவிட முடியும். உப்புக் காற்று வீசும் கொழும்பில் இது மிகச் சாதாரணமான பழுது. ஆபத்தான பக்கம் சாய்வதும் இதுவே.

பரிசோதனையை இப்படிச் செய்யலாம். சாவியை அணைத்து, டாங்க் யூனிட்டிலிருந்து வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, சாவியைத் திருப்பி முள்ளைப் பாருங்கள். பிறகு சாவியை மீண்டும் அணைத்து, அந்த வயரைக் காரின் உடலில் துப்புரவான உலோகத்தோடு இறுக இணைத்துவிட்டு, சாவியைச் சில விநாடிகள் மட்டும் திருப்புங்கள். ஈருலோக மானி முதலில் வெறுமைக்கு இறங்கி, பின்னர் நிறைவை நோக்கி ஏற வேண்டும்; சுருள் மானி இதற்கு மாறாக நடக்க வேண்டும். இப்படி நடந்தால் மானியும் வயரும் பெரும்பாலும் நலம் என்று கொண்டு, யூனிட், மிதவை, எர்த் ஆகியவற்றை ஆராயலாம். சாவி திறந்திருக்கும்போது வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை தயவுசெய்து கைவிடுங்கள். தாங்கியின் வாய்க்கு அருகே ஒரு பொறி பறந்தாலே போதும்.

மானியும் வயரும் நலம் என்று தெரிந்தால், எதையும் வாங்குமுன் யூனிட்டின் உடலுக்கும் காரின் உடலுக்கும் இடையில் தற்காலிகமாக ஒரு தனி வயரை, இதுவும் சாவி அணைந்திருக்கும்போதே, இணைத்துப் பாருங்கள். முள் சரியான இடத்துக்கு வந்துவிட்டால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. எர்த் முனையைத் துலக்கிப் பூட்டிவிட்டுக் காரை ஓட்டலாம்.

## முதல் வழி: இருக்கும் யூனிட்டைத் திருத்துவது

எர்த் நலமாக இருந்தும் முள் பிழைத்தால், என் பரிந்துரை இதுவே. யூனிட்டினுள்ளே மெல்லிய தடைக்கம்பி சுற்றிய ஒரு பட்டையும், அதன்மேல் உராய்ந்து செல்லும் தொடுகை ஒன்றும், அதனோடு இணைந்த கையின் முனையில் மிதவையும் இருக்கின்றன. கெடக்கூடியவை இம்மூன்றே.

கழற்றிய யூனிட்டை முதலில் காதருகே வைத்துக் குலுக்குங்கள். மிதவைக்குள் பெற்றோல் சலசலத்தால் அது ஓட்டை. மூழ்கி நீந்தும் மிதவை எப்போதும் குறைவாகவே காட்டும். ஓசை தெளிவாக இல்லையென்றால், பித்தளை மிதவையைக் கொதிநீர் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்திப் பிடியுங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, ஊசிமுனையளவு ஓட்டையிலிருந்தும் குமிழிகள் வரிசையாக மேலெழும். நீரை அடுப்பிலிருந்து இறக்கி முற்றத்துக்குக் கொண்டுவந்த பின்னரே இதைச் செய்ய வேண்டும். ஓட்டையை ஈயப்பற்று வைத்து அடைக்கலாம். ஆனால் உள்ளே ஒரு சொட்டுப் பெற்றோலோ அதன் ஆவியோ எஞ்சியிருக்கும்போது சூடுகாட்டுவது உயிராபத்து. பல நாட்கள் உலரவிட்டு, அதன் பிறகும் இயலுமானால் வேறு மிதவையையே பொருத்துவது நல்லது. ஈயம் தடித்துவிட்டாலும் மிதவை பாரமேறித் தாழ்ந்து மிதக்கும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

தடைக்கம்பியை மல்டிமீற்றரால் அளக்கும்போது எண்களைவிட அவை மாறும் விதமே முக்கியம். ஈருலோக மானிக்குரிய யூனிட்டில் மிதவை உயர உயரத் தடை குறைய வேண்டும். சுருள் மானிக்குரியதில், நூறு ஓமுக்குக் குறைவான ஒரு வீச்சுக்குள், தடை கூட வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அளவு திடீரெனத் தாவினால் அழுக்காக இருக்கலாம். மின் தொடுகைகளுக்கென விற்கும் துப்புரவுத் திரவத்தைத் தெளித்துக் கையைப் பலமுறை ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் சீராகும். அதன் பின்னரும் தாவினால் கம்பி அறுந்திருக்கிறது. அத்தோடு இந்த வழியை விட்டுவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு, கார் எது என்பதைப் பொறுத்தது. மைனரில் யூனிட் தாங்கியின் மேற்புறத்தில் இருப்பதால் டிக்கிப் பக்கமிருந்தே கழற்றலாம்; தாங்கியை வெறுமையாக்கத் தேவையில்லை. மினியிலும் எம்ஜிபியிலும் அது தாங்கியின் பக்கவாட்டில் இருப்பதால் முதலில் பெற்றோலை இறக்க வேண்டும். தக்கை வொஷரை மீண்டும் பூட்டக் கூடாது. காய்ந்து சுருங்கிய வொஷர் கசியும், காருக்குள் பெற்றோல் மணம் பரவும். துருவேறிய திருகாணிகள் தலை உடையவும் கூடும். கழற்றும்போது மிதவையில் செந்நிறத் துருப்பொடி ஒட்டியிருந்தால், தாங்கியின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். அதைக் கவனிக்காமல் எந்த யூனிட்டைப் பூட்டினாலும் அதுவும் விரைவில் அழுக்கடைந்து நின்றுவிடும்.

## இரண்டாம் வழி: பஞ்சிகாவத்தையில் பழையது

உங்கள் யூனிட்டில் கம்பி அறுந்திருக்கும்போது மட்டுமே இது பொருளுள்ள தெரிவு. அங்கு கிடைப்பதற்கும் உங்களிடம் இருப்பதற்கும் வயது ஒன்றேதான்; அதே தேய்வும் அதே துருவும் அதிலும் இருக்கலாம். ஆகவே மல்டிமீற்றரைக் கையோடு கொண்டுசென்று, கடையின் வாசலிலேயே கையை ஏற்றி இறக்கி அளந்து பாருங்கள். அளக்க மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் யூனிட்டுகள் வேறு வகை மானிக்குரியவையாக இருப்பதுண்டு. தடை கூடும் திசை மாறியிருந்தால் மானி தலைகீழாகக் காட்டும். அசல் உற்பத்தியாளரின் பாகம் குறைந்த விலையில் கிடைப்பதும், அன்றே பூட்டிவிடக்கூடியதாக இருப்பதும் இவ்வழியின் உண்மையான நன்மைகள்.

## மூன்றாம் வழி: புதிய மாற்று யூனிட்

மைனர், மினி, எம்ஜிபி போன்ற, இன்றும் ஆர்வலர்கள் பெருமளவில் பேணும் கார்களுக்குப் புதிய யூனிட்டுகள் வெளிநாட்டில் கிடைக்கின்றன. பாகத்தின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அனுப்புகூலியும் இங்கு வந்திறங்கிய பின் கட்ட வேண்டிய தீர்வையும் வரிகளும் சேரும்போது, சிறிய பொருளின் விலை எளிதில் இருமடங்காகிவிடும். வேறு பாகங்களும் தேவைப்பட்டால் நண்பர்களோடு சேர்ந்து ஒரே பொதியாக வரவழைப்பது சிக்கனம்.

அதைவிடப் பெரிய மறைவான செலவு பொருத்தத்தில் இருக்கிறது. மாற்று யூனிட் தாங்கியின் துளையில் சரியாக உட்காரும்; ஆனால் அதன் கை நீளத்திலோ வளைவிலோ அசலிலிருந்து சிறிது விலகியிருக்கலாம். அப்போது நிறைவில் சரியாகக் காட்டும் முள், அடியில் இன்னும் கால்வாசி இருப்பதாகக் காட்டும். இதைச் சீராக்கக் கையை வளைக்கத்தான் வேண்டும்; அதே வேலையைப் பழைய யூனிட்டில் செலவின்றிச் செய்திருக்கலாம். கட்டளையிடும்போது காரின் பெயரை மட்டும் சொல்லாமல், ஆண்டையும் மானியின் வகையையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் வந்த காரிலும் இடையில் மானி வகை மாறியிருக்கலாம்.

கம்பி அறுந்து, பஞ்சிகாவத்தையிலும் நல்லது கிடைக்காதபோதும், கார் நாள்தோறும் ஓடுவதாக இருந்து இன்னொரு 50 ஆண்டுத் தேய்வுள்ள பாகத்தை நம்ப விரும்பாதபோதும் இதுவே சிறந்த வழி.

## நான்காம் வழி: நிலைநிறுத்தியை மாற்றுவது

முள் எப்போதும் கூடுதலாகவே காட்டும் ஈருலோக மானியுள்ள கார்களுக்கு யூனிட்டைத் தொடுவதே தேவையற்றது. நிலைநிறுத்தியின் தொடுகை ஒட்டிக்கொண்டால் 10 வோல்டுக்குப் பதிலாக, என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வரை மானிக்குச் செல்லும். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், கீலத்தின் சூடு ஏறத்தாழ இருமடங்காகிறது. அரைத்தாங்கி நிறைதாங்கியாகத் தோன்றுகிறது. வெப்பநிலை மானியும் உள்ள கார்களில் இரண்டு முட்களும் ஒன்றாக உயர்ந்து காட்டுவது இதற்கான தெளிவான சாட்சி. மைனரில் வெப்பநிலை மானி இல்லை. ஆகவே அந்தச் சாட்சி நமக்குக் கிடையாது.

இங்கும் முதலில் எர்த்தைப் பாருங்கள். பழைய நிலைநிறுத்தி தன் உலோக உறையின் வழியாகவே எர்த் பெறுகிறது. அது பூட்டியிருக்கும் இடத்தில் துருவோ பெயின்டோ இருந்தால் உட்சுருள் சூடேறாது, தொடுகை திறக்காது, முழு மின்னழுத்தமும் செல்லும். துலக்கிப் பூட்டினாலே பலவேளை சரியாகிவிடும். இன்னொன்று: நலமான நிலைநிறுத்தியை டிஜிட்டல் மல்டிமீற்றரால் அளந்தால் எண் பூச்சியத்துக்கும் 12க்கும் இடையில் தாவிக்கொண்டே இருக்கும். விட்டுவிட்டு மின்னைத் தருவதே அதன் இயல்பு. அதைக் கண்டு எறிந்துவிடாதீர்கள்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் எலக்ட்ரோனிக் கடைகளில் கேட்கக்கூடிய நிலையான 10 வோல்ட் தரும் 7810 என்ற சிறிய ஐசியே இந்த வேலையைச் செய்யும். உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் ஒவ்வொரு மின்தேக்கி சேர்க்க வேண்டும். பாகம் வாங்கும் வழிகளில் செலவு மிகக் குறைந்தது இது. ஆனால் 1960களின் பல பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர்முனையே எர்த். அவற்றுக்கு 7910 தேவை. அதன் உலோக முதுகு உள்ளீட்டோடு இணைந்திருப்பதால், காரின் உடலில் நேரடியாகத் திருகினால் குறுக்குச் சுற்று உண்டாகும். மைக்கா தகடு வைத்துப் பிரித்தே பூட்ட வேண்டும். இதை அறிந்த எலக்ட்ரீசியனிடம் மட்டும் கொடுங்கள். அசல் தோற்றத்தை விரும்புபவர்கள் பழைய உறைக்குள்ளேயே புதிய ஐசியை அடக்கிவிடலாம். உள்ளிருந்த பழைய பாகங்களைக் கழற்றிப் பத்திரப்படுத்தினால் திரும்பிச் செல்லும் வழியும் மூடாது.

## ஐந்தாம் வழி: அளவுகோலும் குறிப்பேடும்

எதையும் திருத்தாமல் இருப்பதும் ஒரு மதிப்புள்ள தெரிவே. 1960களின் தொடக்கம் வரை பல வொக்ஸ்வாகன் பீட்டில்களில் பெற்றோல் மானியே இல்லை. என்ஜின் தடுமாறும்போது காலால் ஒரு குழாய்த் திருப்பியைத் திருப்பி எஞ்சிய பெற்றோலில் ஓட்டினார்கள். நிரப்பும் கழுத்து நேராக உள்ள தாங்கியில், மரக்கோல் ஒன்றில் ஐந்து ஐந்து லீற்றருக்குக் கோடு வரைந்து வைத்துக்கொள்ளலாம். கழுத்து வளைந்திருந்தால் கோல் உதவாது. கிலோமீற்றர் கணக்கே துணை.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பங்கீட்டுக்கான கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். ஏறத்தாழ 29 லீற்றர் கொள்ளும் மைனரின் தாங்கியில் அது மூன்றில் இரண்டு பங்கு. அந்த மாதங்களில் ஒவ்வொரு நிரப்பலையும் கிலோமீற்றர் அளவோடு எழுதிவைத்தவர்களுக்கு, தங்கள் காரின் லீற்றர்க் கணக்கு இன்றும் மனப்பாடமாக இருக்கிறது. மாதத்துக்கு ஓரிரு முறை ஓடும் காருக்கு இந்தக் குறிப்பேடு போதும். ஒரு காரைப் பலர் ஓட்டும் வீட்டுக்கு இது பொருந்தாது. எழுத மறந்தவரால் அடுத்தவர் வீதியில் நிற்பார்.

யூனிட்டுக்கும் மானிக்கும் இடையில் பூட்டி, முள்ளின் நிலைகளை விரும்பியபடி அமைக்கும் எலக்ட்ரோனிக் கருவிகளும் விற்பனைக்கு உண்டு. வேறு காரின் தாங்கியோ மானியோ பொருத்தப்பட்ட, அசல் சேர்க்கை குலைந்த கார்களுக்கு அவை பயன்படும். அசல் சேர்க்கை அப்படியே உள்ள காரில், பழுதான எர்த்தை மறைத்துவிடும் என்பதால் நான் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

## கேட்டவர்களுக்கு என் விடை

தெஹிவளை ஆசிரியையின் மைனரில் முள் ஊர்ந்து ஏறி, எப்போதும் குறைவாகக் காட்டுகிறது. அவர் முதலில் எர்த்தையும், அடுத்து மிதவையையும் பார்க்க வேண்டும். எதையும் இப்போது வாங்க வேண்டாம். கொட்டாஞ்சேனை அன்பரின் காரில் முள் துள்ளி ஆடுகிறது, வெறுந்தாங்கியிலும் பாதிக்கு மேல் நிற்கிறது. அதுவும் எர்த்தாகவே இருக்கலாம். ஆனால் அவருடைய பொய் ஆபத்தான பக்கம் சாய்ந்திருப்பதால், திருத்தி முடிக்கும்வரை டிக்கியில் பெற்றோல் கலன் ஏற்றி ஓடுவதைவிட, நூறு கிலோமீற்றருக்கு ஒருமுறை நிரப்பிக்கொள்வதே பாதுகாப்பு. எர்த்தைத் துலக்கியும் மாறாவிட்டால் யூனிட்டைக் கழற்றி அளந்து, கம்பி அறுந்திருந்தால் பஞ்சிகாவத்தையில் தேடி, அங்கும் கிடைக்காவிட்டால் மட்டும் புதியதை வரவழைக்கலாம்.

எந்த வழியில் சென்றாலும் யூனிட்டை மூடுமுன் ஒரு வேலை இருக்கிறது. மிதவையின் கையைச் சிறிது வளைத்து, தாங்கியில் இன்னும் நான்கு லீற்றர் இருக்கும்போதே முள் வெறுமைக் கோட்டைத் தொடும்படி அமையுங்கள். சமதரையில் காரை நிறுத்தி, ஈருலோக மானியென்றால் முள் அடங்க ஒரு நிமிடம் விட்டு, பிறகு பாருங்கள். என் மைனரில் இதற்கு மூன்று முறை கழற்றிப் பூட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் முறைதான் புதிய தக்கை வொஷரை வைத்துத் திருகாணிகளை இறுக்கினேன்.